கடைசிப் பக்கத்தில் அம்மாவின் முதுகு

தெய்வானை டீச்சர் இறந்த செய்தி எங்கள் ஊர் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் நம்பவில்லை. போன வருடம் அதே குழுவில், உயிரோடிருந்த ஒரு கணக்கு வாத்தியாரின் படத்துக்கு மாலை போட்டு அனுப்பியிருந்தார்கள். அவரே வந்து மறுப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. அதனால் தெய்வானையின் எண்ணுக்கே அழைத்தேன். அவர் தம்பி எடுத்தார். "ஆமா டீச்சர், விடியக்காலம் அக்கா போயிருச்சு. சொந்த ஊரு கல்லலுக்குத்தான் கொண்டுக்கிட்டுப் போறோம். வாரீகளா?"

உங்களில் பலருக்கு அவர் காரைக்குடியில் செக்காலைப் பக்கத்து மழலையர் பள்ளியில் ஓவியம் சொல்லித்தந்தவர். எனக்கு, நான் எழுதிய நான்கு படப் புத்தகங்களின் ஓவியர். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். சிறு குழந்தைகளுக்கு நற்பண்பு சொல்லும் கதைகள் வேண்டுமென்று உள்ளூர்ப் பதிப்பாளர் ஒருவர் கேட்டார். அந்த மாதிரிப் புத்தகங்களில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இருந்தும் எழுதினேன். முதல் கதையைப் படித்துவிட்டுத் தெய்வானை கேட்டார்: "பதினாறு பக்கத்துல ஒரு ஆளு திருந்திருமா டீச்சர்? எங்க வீட்டுக்காரரு இருபது வருசமாத் திருந்துறாரு." சிரிக்காமல் சொன்னார். கேலி அவர் கணவரையா என்னையா என்று எனக்கு விளங்கவில்லை. அன்று விழுந்த சந்தேகம் கடைசிவரை போகவில்லை.

மூன்றாவது புத்தகத்தில் வள்ளி என்ற சிறுமி ஊறுகாய் ஜாடியை உடைத்துவிடுகிறாள். பழியைப் பூனைமேல் போடலாம். போடாமல், அம்மாவிடம் போய் உண்மையைச் சொல்கிறாள். கடைசிப் பக்கத்தில் என் வாக்கியம்: 'அம்மா சிரித்தாள்.' தெய்வானை வாய் நிறையச் சிரிக்கும் ஓர் அம்மாவை வரைந்து கொடுத்தார். நான்கில் அதிகம் பேர் வாங்கியது அதைத்தான்.

மறுபதிப்பு வந்தபோது அந்தக் கடைசிப் படத்தை மட்டும் மாற்றிக் கொண்டுவந்தார். அம்மா நமக்கு முதுகைக் காட்டி நின்றாள். கொண்டையும் முந்தானையும்தான் தெரிந்தன. எதிரே வள்ளி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"முகம் வரல டீச்சர்."

எத்தனையோ முகம் வரைந்த கை அது. பழைய படத்தையே போடலாம் என்றேன். "அப்படின்னா எம் பேர எடுத்துருங்க" என்றார். பதிப்பாளர் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். முதலில், தெய்வானைக்கு வேலை அலுத்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு, என் வாக்கியத்தைப் பொய்யாக்கவே இப்படிச் செய்தார் என்று நினைத்தேன். நான்காவது புத்தகத்தை நேரில் பேசிக்கொள்ளாமலே முடித்தோம்.

மறுபதிப்பு வந்த புதிதில் ஒருமுறை அவருடைய வகுப்பிலேயே ஜாடிக் கதையை வாசித்தேன். 'அம்மா சிரித்தாள்' என்றதும் ஒரு சிறுமி, "சிரிக்கல" என்றாள்.

"நீ பாத்தியாக்கும்?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"நீ பாத்தியா?"

மூன்றாமவள் எழுந்து வந்தாள். அந்தப் பக்கம் போனால் அம்மாவின் முகம் தெரியும் என்று தாளைத் திருப்பிப் பார்த்தாள். மறுபுறம் பதிப்பாளரின் முகவரி இருந்தது. "காணோம்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். சன்னலோரம் நின்றிருந்த தெய்வானை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்ட திருப்தி என்று எடுத்துக்கொண்டேன்.

கேதம் கேட்கக் கல்லலுக்குப் போனேன். காரைக்குடியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் என் அருகில் வந்து உட்கார்ந்தார். கூடவே ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள். "ஜாடிக் கதை எழுதுனது நீங்கதான?" என்று கேட்டார். தலையசைத்தேன்.

"இவ அஞ்சு வயசுல ஒத்தக் கம்மலத் தொலைச்சிட்டா. புக்குல உள்ள மாதிரி நேரா வந்து சொன்னா. சொல்லிட்டு எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. நான் கரண்டிய எடுத்துக் கால்லயே ஒண்ணு போட்டுட்டேன். மறுநா பள்ளிக்கூடத்துல காயத்தப் பாத்துட்டு இந்த டீச்சர் வீடு தேடி வந்துட்டாக. சண்டைக்குத்தான் வாராகன்னு நெனச்சேன். 'ஒங்களக் கேக்காம ஒங்க மூஞ்சியில சிரிப்ப வரஞ்சுட்டேன், தப்பு எம்மேலதான்'னாக. ஒரு செம்பு தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போயிட்டாக."

"அந்தக் கம்மல் மறுவாரமே டிபன் பைக்குள்ள கெடந்துச்சும்மா" என்றாள் மகள். "நாந்தான் சொல்லல."

அம்மா சட்டென்று மகள் பக்கம் திரும்பினார். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவருடைய கொண்டை மட்டும்தான் தெரிந்தது.

தெய்வானை இதை என்னிடம் சொன்னதே இல்லை. வாக்கியம் என்னுடையது. தப்பைத் தன் பேரில் எடுத்துக்கொண்டு, படத்தைத் திருத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். பெருந்தன்மை என்று நீங்கள் சொல்லலாம். என்னிடம் சொன்னால் அதையும் ஒரு நீதிக்கதை ஆக்கிவிடுவேன் என்று பயந்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் என்னை நம்பவில்லை. நம்பும்படி நானும் நடந்துகொள்ளவில்லை.

அடுத்த பதிப்பில் 'அம்மா சிரித்தாள்' இருக்காது. பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். இடம் காலியாக இருக்குமே என்றார். இருக்கட்டும் என்றேன்.

தெய்வானை சொன்னவற்றில் நான் வைத்துக்கொள்வது இரண்டே சொல்: 'முகம் வரல.' அன்று அதைச் சாக்கு என்று நினைத்தேன். இப்போது குழந்தைக்கு ஒரு கதை எழுத உட்கார்ந்தால், கடைசிப் பக்கத்தில் எனக்கும் முகம் வருவதில்லை.