இரண்டு மாடிகளின் வெயில்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் முட்டை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுப் பின்னறையில் மூன்று பொரிப்பான் பெட்டிகளை வைத்து, கோழிமுட்டை பொரித்துக் குஞ்சு விற்பது அவள் தொழில். கணவர் அச்சகத்தில் வேலை பார்த்தார். அவர் வருவதற்குள் ஐந்தாறு முறை அந்த அறைக்குப் போய்ப் பார்த்துவிடுவாள். பெட்டிக்குள் முப்பத்தேழரை டிகிரி சூடு இருபத்தொரு நாளும் மாறாமல் இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் உள்ளே இருக்கும் உயிருக்கு ஆகாது.

அந்த ஊரில் மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதற்காக ஒரு பழைய டீசல் ஜெனரேட்டர் வாங்கிப் போட்டிருந்தாள். அதுவும் ஒருநாள் காலை வாரிவிட்டது. பத்தொன்பதாம் நாள் முட்டைகள் முந்நூறு உள்ளே இருந்தன. எவ்வளவு இழுத்தும் ஜெனரேட்டர் உயிர் பெறவில்லை. கம்பளி போர்த்தினாள், பாட்டில்களில் வெந்நீர் ஊற்றிச் சுற்றி வைத்தாள். ஆறு மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தது. இரண்டு நாள் கழித்து நாற்பது குஞ்சுகள்தான் வெளியே வந்தன. மிச்ச முட்டைகளில் ஒன்றை உடைத்துப் பார்த்தாள். இறகெல்லாம் முளைத்து, அலகை ஓட்டில் வைத்தபடியே போயிருந்தது. அன்றைக்கு அவள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. கணவர் கடையில் ரொட்டி வாங்கி வந்தார்.

ஜெனரேட்டரைப் பழுது பார்த்தாயிற்று. ஆனால் அதன் புகை நேராகப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போனது. அங்கே ஓய்வுபெற்ற பஸ் டிரைவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாவுக்கு நுரையீரல் பலவீனம். பகலில் பாதி நேரம் ஆக்சிஜன் மெஷினோடுதான் இருப்பார். புகை வந்தால் டிரைவர் மதில் ஓரம் வந்து நின்று சத்தம் போடுவார். அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை.

கணவர்தான் எங்கேயோ விசாரித்து, சோலார் பேனல் மாட்டுகிறவரைக் கூட்டி வந்தார். வந்தவர் மாடியில் அரைநாள் நின்று நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே, டிரைவர் வீட்டு எல்லைக்குள், ஒரு பெரிய மரம் இருந்தது.

"காலையில பிரமாதமா வரும்மா. மத்தியானத்துக்கு மேல இந்த மரம் உங்க மாடியை அப்படியே மூடிடுது. கிளையைக் கழிச்சா உண்டு, இல்லைன்னா பாதிதான்" என்றார்.

அவள் தயங்கித் தயங்கிப் போய் டிரைவரிடம் கேட்டாள். மனைவி நாள் முழுக்க ஜன்னலருகே உட்கார்ந்து பார்ப்பது அந்த மரத்தைத்தான் என்றும், அதில் கத்தி படக் கூடாது என்றும் அவர் சொல்லிவிட்டார். அவள் முகம் தொங்கிப்போய்த் திரும்பினாள். பத்து நாள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

பதினோராம் நாள் காலையில் மின்சாரம் போனது. அவள் ஜெனரேட்டரை ஓட்டிய சற்று நேரத்தில் டிரைவர் மதிலோரம் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று அவள் பதில்களைத் தயார் செய்துகொண்டாள். அவர் குரல் இறங்கியிருந்தது.

"கரண்ட் இல்லாதப்ப வைக்கிற ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்துபோச்சும்மா. வேற வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகுமாம். உன் ஜெனரேட்டர்லேர்ந்து ஒரு வயர் குடுக்க முடியுமா?"

அவள் வயரை எடுத்தாள். பிறகு இருவருமாக ஜெனரேட்டரைத் தெருப் பக்கம் தள்ளி, புகை ஜன்னலுக்குப் போகாதபடி திருப்பி வைத்தார்கள். மெஷின் ஓட ஆரம்பித்ததும் அவள் அந்த அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மூச்சு சீரானதும் அந்த அம்மா மரத்தைப் பற்றிக் கேட்டார். அவள் சங்கடத்தோடு பேனல்காரர் சொன்னதைச் சொன்னாள்.

"மத்தியானத்துக்கு மேல நிழல் உங்க பக்கம்தானே விழுது? அப்போ எங்க மாடியில நல்ல வெயில். துணி காயப்போடக்கூட நாங்க அங்க ஏறுறதில்ல. பாதியை இங்க மாட்டுங்களேன்" என்றார், நடுநடுவே நிறுத்தி.

டிரைவர் தன் மனைவியைப் பார்த்தார். "இது எனக்குத் தோணலையே" என்றார்.

பேனல்காரர் மறுபடி வந்து பார்த்து, சரியாக வரும் என்றார். காலை வெயிலுக்கு அவள் மாடி, மாலை வெயிலுக்கு அவர்கள் மாடி. செலவை இரண்டு வீடும் பகிர்ந்துகொண்டன. பகலில் மிஞ்சுவதைச் சேர்த்து வைக்க ஒரு பேட்டரி வந்தது. மரத்தில் ஒரு இலையைக்கூட யாரும் தொடவில்லை.

அடுத்த மாதம் கம்பி மாற்றுகிறார்கள் என்று காலையிலிருந்து மாலைவரை தெரு முழுக்க மின்சாரம் இல்லை. பொரிப்பான்கள் பாட்டுக்கு ஓடின. பக்கத்து வீட்டில் மெஷினும் ஓடியது. பழக்க தோஷத்தில் அவள் நான்கு தடவை எழுந்து போய் சூட்டைப் பார்த்தாள். முள் அசையவே இல்லை. ஐந்தாவது தடவை போகவில்லை. வெகு நாளைக்குப் பிறகு பகலில் ஒரு குட்டித் தூக்கம் போட்டாள்.

எல்லா நாளும் அப்படி இல்லை. மழைக்காலத்தில் நாலு நாள் சேர்ந்தாற்போல் வெயில் வராவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். அப்போது ஆக்சிஜன் மெஷினும் பொரிப்பானும்தான் முதலில். வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் காத்திருக்க வேண்டும் என்று இரண்டு வீடும் பேசி வைத்துக்கொண்டன. மற்றபடி மின்கட்டணம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஜெனரேட்டரை விற்றுவிட்டு அவள் நான்காவது பெட்டி வாங்கினாள்.

பேனல் கழுவும் வேலையை டிரைவர் கேட்காமலே எடுத்துக்கொண்டார். வாரம் ஒருமுறை, பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி, இரண்டு மாடியிலும் தூசி துடைப்பார். ஒருநாள் அடுத்த தெரு பேக்கரிக்கார அம்மா, தன் அடுப்பறைக் கூரையில் பேனல் போடலாமா என்று விசாரிக்க வந்தார். டிரைவர் அவரை இரண்டு மாடிக்கும் ஏற்றி இறக்கி, பேட்டரி, வயர் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் விளக்கினார்.

முட்டை அக்காதான் கடைசியில் குறுக்கே வந்தாள். "அண்ணே, விடுங்க. அவங்க போய்க் கடை திறக்கணும்."

பேக்கரிக்கார அம்மா சிரித்துக்கொண்டே பேனல்காரரின் நம்பரை எழுதிக்கொண்டு போனார்.