ரோஸ்லின் போனை முதலில் வைத்ததே இல்லை

காலையில் தொலைபேசி அடித்தது. ரோஸ்லினின் கணவர். "சேகர், ரோஸி போயிட்டா" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. "எங்க இருக்கீங்க? பக்கத்துல யாரு இருக்காங்க?" என்றுதான் வாயில் வந்தது. அவர், "அவ கேக்குற மாதிரியே கேக்குறியேப்பா" என்றார். அப்போதுதான் இருவரும் அழுதோம்.

தொண்ணூறுகளில் பெங்களூர் தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில் ரோஸ்லின் தொலைபேசியிலும் நான் வயர்லெஸ்ஸிலும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அந்த அறையில் வேலை பார்த்தவர்களுக்கு எங்கள் தலைவலி தெரியும். பொதுத் தொலைபேசியில் எங்கள் எண்ணுக்குக் காசு போட வேண்டாம். முதல் மணியிலேயே எடுத்துவிடுவோம். அது போதாதா? மெட்ராஸ் ரயில் வந்துவிட்டதா, ஸ்கோர் என்ன, தண்ணீர் லாரி எப்போது வரும் என்று ஊரே எங்களைத்தான் கேட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தொலைபேசி நாற்காலியில் நான் மாற்றாளாக உட்காரும் நாட்களில் திட்டிவிட்டுத்தான் வைப்பேன்.

ரோஸ்லின் திட்டமாட்டார். "ஃபயர் கண்ட்ரோல், ஹேளி சார்", அதாவது சொல்லுங்கள் சார், என்று கன்னடத்தில் ஆரம்பித்து, கூப்பிட்டவரின் மொழிக்கு அடுத்த மூச்சிலேயே மாறிவிடுவார். எங்கே, கண்ணுக்கு என்ன தெரிகிறது, உள்ளே யார் என்று மூன்று கேள்விகள். ரயில் நேரம் கேட்டவருக்கும் அதே மூன்றுதான். ஒக்கலிபுரத்துக் காயின் பூத்திலிருந்து தினமும் ஒருவன் கெட்ட வார்த்தை பேசுவான். அவனிடமும் நிதானமாக, "எங்க எரியுது? உள்ள யாரு இருக்காங்க?" என்றுதான் கேட்டார். ஒரு வாரத்தில் அவனுக்கே அலுத்துவிட்டது.

"பேசாம கட் பண்ணுங்க மேடம். லைன் பிஸியா இருக்குல்ல?" என்று நான் சண்டை போடுவேன்.

"கட் பண்ணா மறுபடி பண்ணுவாங்க சேகர். கேட்டுட்டா ஒரே தடவைதான். அதுவுமில்லாம, இன்னிக்கு நாம திட்டினா நாளைக்கு நெஜமா எரியும்போது பேச யோசிப்பாங்க."

மேலதிகாரியும் என் கட்சிதான். நல்ல மனிதர், லைன் அடைபடுகிறது என்ற அவருடைய கவலையும் நியாயமானது. தீ சம்பந்தமில்லாத அழைப்புகளை ஏன் உடனே துண்டிப்பதில்லை என்று விளக்கம் கேட்டு ரோஸ்லினுக்கு ஒரு மெமோ கொடுத்தார். இப்படியே போனால் அந்த நாற்காலியிலிருந்து மாற்றிவிடுவதாகவும் சொன்னார்.

அந்த வாரமே இந்தியா ஆடிய ஒரு மேட்ச். மத்தியானம் ஈஜிபுராவில் கரண்ட் போனது. மின்சார அலுவலகத்துக்கு லைன் கிடைக்காதவர்கள் எல்லாம் எங்களைப் பிடித்துக்கொண்டார்கள். ரோஸ்லின் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டே இருந்தார். மேலதிகாரி வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து வந்தவர் தங்கராஜ் என்ற மளிகைக் கடைக்காரர். அவர் போட்ட கூச்சல் ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது.

"இன்னாம்மா வேலை பாக்குறீங்க? கடை பூரா ஜனம் மேட்ச் பாக்க உக்காந்துகினு இருக்கு!"

"எங்க சார்? கண்ணுக்கு என்ன தெரியுது?"

"ஈஜிபுரா பஸ் ஸ்டாண்டு பின்னாடி சந்து. கண்ணுக்கு இன்னா தெரியும்? டிரான்ஸ்பார்மர் படபடன்னு வெடிச்சுது. பஞ்சு கருகுற நாத்தம் வேற. கரண்ட் எப்போ வரும், அத சொல்லு!"

ரோஸ்லின் திரும்பாமலே இடது கையில் ஒரு விரலைத் தூக்கினார். விரல் உயர்ந்தால் வண்டி கிளம்ப வேண்டும், காரணம் பிறகு. நான் வயர்லெஸ்ஸைப் பிடித்தேன்.

"கரண்டும் சொல்றேன் சார். போனை வைக்காம வெளிய போயி, எங்க கருகுதுன்னு பாத்துட்டு வாங்க."

அவர் திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. "அம்மா, எதிர்த்தாப்ல மெத்தைக் கடைம்மா. பூட்டியிருக்கு. பின்னாடி பொகையா வருது. மேல பொண்ணுங்க தைச்சிகினு இருக்காங்க. படியும் அந்தப் பக்கந்தான்."

"மொட்டை மாடிக்கு வழி இருக்கா? பக்கத்து மாடி ஒட்டியிருக்கா?"

"இருக்கும்மா. தாண்டிடலாம்."

"அப்போ கீழ எறங்க வேணாம், மேல ஏறச் சொல்லுங்க. பக்கத்து வீட்டு வழியா எறக்குங்க. மேட்ச் பாக்க வந்தவங்கள விட்டு சந்துல நிக்கிற ஸ்கூட்டரையெல்லாம் எடுங்க, எங்க வண்டி வரணும். எல்லாரும் வந்தாச்சான்னு அந்தப் பொண்ணுங்களையே கேட்டு எனக்குச் சொல்லுங்க."

ரிசீவர் அங்கே கடை மேசையில் கிடந்தது. இங்கே ரோஸ்லின் தன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்ற லைன்களை நான் எடுத்தேன். அன்று யாரையும் திட்டவில்லை. சந்துக்குள் நுழைந்துவிட்டதாக வண்டியிலிருந்து தகவல் வந்தது. அதன் பிறகு ரிசீவருக்குள்ளிருந்து ஒரு பெருங்கூச்சல். மேட்சை ஜெயித்துவிட்டது போல விசிலும் கைதட்டலும்.

"எல்லாரும் வந்துட்டாங்கம்மா! ஒருத்தர் பாக்கி இல்ல!" என்று தங்கராஜ் கத்தினார். மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆமா, கரண்ட் எப்போம்மா வரும்?" என்றார்.

வாசலில் நின்ற மேலதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மறுநாள் அந்த மெமோவை அவரே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ரோஸ்லினின் மூன்று கேள்விகளும் கன்னடத்தில் எழுதப்பட்டு எல்லா நாற்காலிகளுக்கும் எதிரே சுவரில் ஏறின. நான் தோற்ற அந்தச் சண்டையைப் போல எனக்குச் சந்தோஷம் தந்த வேறொன்று இல்லை.

காக்ஸ் டவுன் தேவாலயத்தில் அடக்கத்துக்குத் தங்கராஜ் வந்திருந்தார். கூடவே அன்று மெத்தைக் கடை மாடியில் தைத்துக்கொண்டிருந்த ஐந்தாறு பெண்கள், அவர்களுடைய பிள்ளைகள். அதில் ஒருத்தி, "கொஞ்சம் வழி விடுங்க சார், அவங்க மூஞ்சிய நான் பாத்ததே இல்ல" என்றாள். அவள் அவருடைய குரலைக்கூடக் கேட்டதில்லை. வழி விட்டேன். "இவங்கதானா?" என்று கேட்டாள். "இவங்கதாம்மா" என்று அந்தக் கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

கிளம்பும்போது தங்கராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு நான்தான் சார் போனை மொதல்ல வச்சேன். அவங்க வைக்கல."

நண்பர்களே, ரோஸ்லினிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். இப்போது லோன் வேண்டுமா என்று என் வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள், தப்பான நம்பர் வருகிறது. கோபம் அப்படியே இருக்கிறது, எங்கே போகும்? ஆனாலும் முதல் மணியிலேயே எடுக்கிறேன். அவர்கள் வைக்கும்வரை காத்திருக்கிறேன்.