தகரம் அடித்த வீட்டைத் தாண்டும்போது

கொரோனாவின் இரண்டாம் அலையில், கல்பாக்கம் சாலையை ஒட்டிய எங்கள் தெருவுக்கு அரசு அறிவிப்புகளை ஓர் ஆட்டோதான் கொண்டுவந்தது. அதை ஓட்டியவரின் பெயரை நான் கேட்டதில்லை. தடித்த உடம்பு, முகக்கவசத்துக்கு மேலே தூக்கமில்லாத சிவந்த கண்கள். ஒலிபெருக்கியில் பேசியது பென் டிரைவில் பதிந்து கொடுத்த ஒரு பெண் குரல். நோய் கண்டு தகரம் அடித்த வீடுகளைத் தாண்டும்போது மட்டும் அவர் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

ஒரு நாள் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. "மருத்துவமனைகளில் போதுமான படுக்கைகள் உள்ளன. பொதுமக்கள் அச்சப்பட வேண்டாம்" என்று குரல் வந்ததும் ஓடிப்போய் ஆட்டோவை மறித்தேன்.

"எந்த ஆஸ்பத்திரிண்ணா? கேட்ட எடத்துலலாம் இல்லன்னுட்டாங்க."

அவர் ஒலிபெருக்கியை நிறுத்தினார்.

"எனக்கு இன்னா சார் தெரியும்? குடுக்கறத போட்டுகினு போறேன். என் வூட்டுக்காரியே காத்தாலருந்து ஆஸ்பத்திரி வாசல்ல, மச்சான் ஆட்டோல படுத்துகினு கீறா." கொஞ்சம் தயங்கினார். "உங்களுக்கு எங்கனா கெடச்சா எனக்கும் ஒரு போன் போடு சார்."

எங்கள் வீட்டில் இன்னும் தகரம் அடித்திருக்கவில்லை. ஆனாலும் மறுபடி ஒலிபெருக்கியைப் போட்டு வண்டியை எடுத்தவர், அதைத் தாண்டும்வரை சத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தார்.

அடுத்த தெருவுக்குள் போனதும் அந்தக் குரல் மறுபடி உரக்கக் கேட்டது. போதுமான படுக்கைகள் உள்ளன. ஒருவேளை இருக்குமோ என்று எனக்கே தோன்றியது. அவருக்கும் தெருவுக்குத் தெரு அப்படித் தோன்றிக்கொண்டிருந்ததோ என்னவோ.