மல்கிரேவ் கிளை மூடப்பட்ட விதம்

இரண்டாயிரமாம் ஆண்டில் மெல்பேணின் மல்கிரேவில், ஸ்டொக்ஹோம் இணையக் கம்பனி ஒன்றின் கிளைக்கு நான் பொறுப்பாக இருந்தேன். கைத்தொலைபேசியில் இணையத்தைக் காட்டுவதுதான் எங்கள் தொழில். அந்தச் சின்னத் திரையில் பஸ் வரும் நேரம் தெரிவதற்குள் பஸ்ஸே போய்விடும். ஆனாலும் சுவீடனில் முதலீட்டாளர்கள் வரிசையில் நின்று பணம் போட்டார்கள்.

எனக்குக் கீழே ஆறு பேர். அவர்களில் ஒருவனை நானே கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். அங்கே வங்கியில் நிரந்தர வேலையில் இருந்தவன். "அதை விட்டிட்டு வாரும், இஞ்சைதான் எதிர்காலம்" என்று தொலைபேசியில் அடித்துச் சொன்னவள் நான். கம்பனி ஸ்பொன்சர் செய்த விசாவில் மனைவியோடு வந்தான். கம்பனி போனால் நாலு கிழமைக்குள், இருபத்தெட்டே நாளில், வேறு ஸ்பொன்சர் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாட்டைவிட்டுப் போக வேண்டும்.

ஸ்டொக்ஹோம் முதலாளி எதையும் தனியாக முடிவெடுக்க மாட்டார். மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கேட்பார், வரவேற்பில் இருக்கும் பிள்ளை வரைக்கும். இங்கே வந்தபோது தானே எல்லோருக்கும் கோப்பி ஊற்றிக்கொண்டு, "உங்கள் கருத்து என்ன?" என்றார். கலியாண வீட்டு வாசலில் "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்பதுபோல ஒரு மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். எல்லாம் நல்லாயிருக்கிறது என்றேன். எனக்குப் பின்னால் மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

சில மாதங்களில் சுவீடனில் நிலைமை தலைகீழாகிவிட்டது. பேர்பெற்ற இணையக் கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. நேற்றுவரை பின்னாலேயே திரிந்த முதலீட்டாளர்கள் இப்போது தொலைபேசியை எடுக்கவில்லை. கொப்பன்ஹேகனிலும் ஒஸ்லோவிலும் அதே கதைதான்.

ஒரு பின்னேரம் ஸ்டொக்ஹோமும் ஒஸ்லோக் கிளையும் நாங்களும் சேர்ந்து தொலைபேசிக் கூட்டம். "இரண்டு கிளைகளையும் வைத்திருக்கப் பணமில்லை" என்றார் முதலாளி. "எதை மூடுவதென்று இன்னும் முடிவில்லை. ஒவ்வொருவரும் சொல்லுங்கள்."

கொழும்பிலிருந்து வந்தவனின் மனைவிக்கு அப்போது ஐந்து மாதம். சொல்ல எவ்வளவோ இருந்தது. இங்கே இரண்டு வாடிக்கையாளர்கள் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்கள். ஆனால் எந்த முதலாளிதான் முடிவெடுக்காமல் கேட்பான்? எதிர்த்துப் பேசினால் நற்சான்றுக் கடிதமும் கெட்டுப்போகும், பிறகு அவனை யார் ஸ்பொன்சர் செய்வார்கள்? பெரிய புத்திசாலி நான். "நீங்கள் எந்த முடிவெடுத்தாலும் எங்களுக்குச் சம்மதம்" என்றேன்.

அடுத்தது அவன். என் முகத்தைப் பார்த்தான். "எங்கள் மனேஜர் சொன்னதுதான் என் கருத்தும்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். அக்கா என்று கூப்பிடுகிற ஒருத்தி பேசியபின் மாற்றிப் பேச அவனுக்கு வராது. மற்ற ஐந்து பேரும் அதையே சொன்னார்கள்.

ஒஸ்லோக்காரர்கள் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். முதலாளி பேசுவது முட்டாள்தனம் என்று ஒருத்தி அவரிடமே நேரடியாகச் சொன்னாள். என்ன மரியாதை தெரியாத சனம் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை மல்கிரேவ் கிளையை மூடுவதாகக் கடிதம் வந்தது. அவனுக்காக நான் ஏறாத ஒஃபிஸ் இல்லை. கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் கேட்டேன். எல்லா இடத்திலும் ஆட்குறைப்பு. பார்ப்போம் என்றார்கள், அவ்வளவுதான்.

நாலாவது கிழமை முதலாளி விடைபெறத் தொலைபேசி எடுத்தார். "எனக்கு ஒஸ்லோவை மூடத்தான் விருப்பமாக இருந்தது. உங்களில் ஒருவர்கூட மல்கிரேவை மூட வேண்டாமென்று சொல்லாதது எனக்கு ஆச்சரியம்" என்றார். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். இனி மாற்ற முடியாதா என்று கெஞ்சினேன். "இது எல்லோருமாக எடுத்த முடிவு" என்றார்.

விமான நிலையத்தில் அவன் என்னைத் தேற்றினான்.

"நீங்கள் யோசியாதேங்கோ அக்கா. நாங்கள் என்ன சொல்லியிருந்தாலும் அவை மூடித்தான் இருப்பினம், என்ன?"

நான் அவுஸ்திரேலியக் குடியுரிமைக்காரி. எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"ஓம்" என்றேன்.

அவன் மனைவி கதிரையிலிருந்து மெல்ல எழுந்து வந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்து, தங்களுக்காக இவ்வளவு பாடுபட்டதற்கு நன்றி சொன்னாள்.