பை யார் தோளில்? உதியன்குளங்கரை கோல்ஃப் அருங்காட்சியகத்தில் ஒரு சனிக்கிழமை

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், உதியன்குளங்கரையில் ஒரு கோல்ஃப் அருங்காட்சியகம் இருப்பதாகத் தம்பி போனில் சொன்னபோது சிரித்துவிட்டேன். ரப்பரும் வாழையும் மரச்சீனிக் கிழங்கும் போக மிச்சமிருக்கும் இடத்தில் வீடு கட்டுகிற ஊர் அது. கோல்ஃப் ஆட இடம் எங்கே? ஆனால் அவன் விடவில்லை. "இந்த மாசம் நம்ம பக்கத்து ஆட்டக்காரங்களப் பத்தி தனியா ஒரு காட்சி வச்சிருக்காங்க. அதுல டாக்டரும் உண்டு" என்றான். சிரிப்பு நின்றுவிட்டது.

டாக்டர் யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா திருவனந்தபுரத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் கேடியாக வேலை பார்த்தார். ஆடுபவரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பவருக்குத்தான் கேடி என்று பெயர் (நம் ஊர் போலீஸ் தேடும் கேடி அல்ல!). அப்போது தனுவச்சபுரத்தில் எங்கள் வீடு. விடியும்முன் கிளம்பிப் பாறசாலையில் ரயில் பிடிப்பார். பெரும்பாலும் அவர் சுமந்தது நெய்யாற்றின்கரை டாக்டர் ஒருவரின் பை. டாக்டர் மாநில அளவில் கோப்பைகள் வாங்கியவர்.

அடிபட்டுத் தோல் கிழிந்த பந்துகளை அப்பா எங்களுக்குக் கொண்டுவருவார். அந்தக் காலத்துப் பந்துக்குள் ரப்பர் நூல் சுற்றியிருக்கும். நானும் தம்பியும் மேலோட்டை அறுத்து நூலைப் பிரிப்போம். முற்றம் தாண்டிப் பக்கத்து வீட்டு வாழைத்தோப்பு வரை போகும், அப்போதும் தீராது. இன்றும் எங்காவது ரப்பர் ஷீட் காயும் வாசம் வந்தால் எனக்கு அப்பாவின் சட்டைப் பைதான் ஞாபகம் வருகிறது.

அப்பாவிடம் ஒரே ஒரு பெருமைக் கதை இருந்தது. வருடத்தில் ஒரு நாள் கேடிகள் ஆடுவார்களாம், உறுப்பினர்கள் அவர்களுக்குப் பை சுமப்பார்களாம். அப்படி ஒரு நாள் டாக்டர் தனக்குப் பை சுமந்ததாக அப்பா சொல்வார். அம்மா விடமாட்டாள். "ஓ, சொமப்பாரு, சொமப்பாரு. பின்ன காலும் அமுக்கித் தந்திருப்பாரு" என்பாள். சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் அப்பா அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார். அவர் இறந்து மூன்று வருடமாகிறது.

டாக்டர் பெயரைக் கேட்டதும் அம்மா, "நானும் வாறேன்" என்றாள். அப்பா சொன்னது நிஜமா, வெறும் கதையா என்று தெரிய எங்கள் இருவருக்குமே வேறு வழி இல்லை.

அம்மா இப்போது தம்பியோடு மார்த்தாண்டத்தில் இருக்கிறாள். நான் மதுரையிலிருந்து முந்தின நாளே வந்துவிட்டேன். சனிக்கிழமை காலை நானும் அம்மாவும் குழித்துறையில் பாசஞ்சர் ஏறினோம். பாறசாலைக்குப் பத்து ரூபாய் டிக்கெட், கால் மணி நேரம். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரரிடம் கோல்ஃப் மியூசியம் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "ஓ, நம்ம பந்து வீடு! கேறுங்க அம்மா. நூத்தம்பது தந்தா மதி" என்றார். ஐந்தரை கிலோமீட்டர்தான். வழியெல்லாம் அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அருங்காட்சியகம் என்றதும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். மைதானத்தில் பயிற்சியாளராக இருந்த ஒருவரின் வீடு. அவர் மகன் பிரதீப் முன்பக்கத்து இரண்டு அறைகளைக் காட்சிக்கு ஒதுக்கியிருக்கிறார், பின்னால் குடியிருக்கிறார். நாங்கள் போனபோது அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது. நுழைவுக் கட்டணம் முப்பது ரூபாய். அம்மாவிடம் வாங்கவில்லை.

முதல் அறையில் மரத்தலை வைத்த பழைய மட்டைகள், பந்து காலப்போக்கில் மாறி வந்த விதம், உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரர்களின் படங்கள். நூல் சுற்றிய பந்து ஒன்றைப் பாதியாக வெட்டி வைத்திருந்தார்கள். நான் அதன் முன்னால் நெடுநேரம் நின்றேன். அம்மா நேரே இரண்டாம் அறைக்குப் போய்விட்டாள்.

சிறப்புக் காட்சி அங்கேதான். மூன்று பேருக்கு ஆளுக்கொரு கண்ணாடி அலமாரி. ஒன்று பிரதீப்பின் அப்பாவுக்கு. இன்னொன்று, சேலையிலேயே ஆடிய ஒரு கல்லூரி ஆசிரியைக்கு. நடுவில் டாக்டர்: கோப்பைகள், தொப்பி, கறுப்பும் வெள்ளையுமாக ஒரு ஜோடி ஷூ. மேலே சுவரில் பெரிதாக்கிய ஒரு படம். ஒருவர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்தை அடித்து முடிக்கிறார். தள்ளி, தொப்பி முகத்தை மறைக்க, பையைச் சுமந்தபடி ஒருவர். கீழே ஒரு அட்டையில் மலையாளத்தில் பெரிதாக எழுதியிருந்ததை அம்மா எழுத்துக் கூட்டி வாசித்தாள். டாக்டர் பந்தடிக்கிறார், பையுடன் கேடி தங்கப்பன்.

தங்கப்பன் என் அப்பா. அவர் பெயரைச் சுவரில் பார்த்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குத் தம்பி மேல்தான் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் அம்மாவை வரவைத்து, அப்பா சொன்னது வெறும் கதைதான் என்று நினைக்க வைத்ததுதான் மிச்சம்.

"போவோம் மக்கா" என்று அம்மா திரும்பினாள். வாசல்படி வரை போனவள் நின்றாள். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி படத்தருகே போனாள். மூக்கு சுவரில் முட்டிவிடும் போலிருந்தது.

"இது அவருக்க காலு" என்றாள்.

அடிப்பவர் வெறுங்காலோடு நின்றார். அடித்து முடித்த வேகத்தில் வலது குதிகால் தூக்கியிருந்தது. அதில் சரிவாக ஒரு தழும்பு. "மம்மட்டி வெட்டுனதாக்கும். நாந்தான் மஞ்சப்பொடி வச்சு கெட்டுனேன். எனக்குத் தெரியாதா?" என்றாள். நான் பை சுமந்தவரின் காலைப் பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமாக ஷூ. அதே ஜோடி படத்துக்கு நேர் கீழே கண்ணாடிக்குள் இருந்தது.

பிரதீப்புக்கு முகம் மாறிவிட்டது. "பை சொமக்குறவன்தானே அக்கா கேடி? அதுல நோக்க என்ன இருக்கு, அப்படியே எழுதிட்டேன்" என்றார். கேடிகள் ஆடும் நாளைப் பற்றி அவர் அப்பாவும் சொல்லியிருக்கிறாராம். இந்தப் படம் அந்த நாளுடையதாக இருக்கும் என்று தோன்றவே இல்லையாம். மைதானத்துக்காரர் வீட்டில் பிறந்தவருக்கே அப்படி என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன!

ஆனால் மாற்றி எழுதத் தயங்கினார். படம் டாக்டரின் மகள் கொடுத்தது. டாக்டர் ஆடுகிற படம் என்று அவர்களிடம் இருந்ததும் இது ஒன்றுதான். "அவங்களுட்ட ஒரு வார்த்த கேக்காம..." என்று இழுத்தார். "கேளும்" என்றாள் அம்மா. மகளைப் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். படத்தில் அடிப்பவர் வெறுங்காலோடு நிற்பதைச் சொன்னார். மகள், "வெறுங்காலா? எங்க அச்சன் முற்றத்துல கூட செருப்பு இல்லாம எறங்கமாட்டாரு. புழு கடிக்கும்னு பயம். அது அச்சன் இல்ல. மாத்தி எழுதிருங்க பிரதீப்" என்றார்.

பிரதீப் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினார். தங்கப்பன் பந்தடிக்கிறார், பை சுமப்பவர் டாக்டர். அம்மா தமிழிலும் எழுத வைத்தாள். படம் டாக்டரின் அலமாரிக்கு மேலேயே இருக்கட்டும் என்றும் சொன்னாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அந்தக் கோப்பைகளை விட அந்தப் பைதான் டாக்டருக்குப் பெருமை.

போக நினைப்பவர்களுக்கு: திங்கள் விடுமுறை, மற்ற நாள் பத்து மணி முதல் ஐந்து வரை. முதல் அறையில் மட்டும் படம் எடுக்கலாம். சிறப்புக் காட்சி மாத முடிவு வரைதான். ரயில் நேரம் ஒத்துவராவிட்டால் களியக்காவிளையில் பஸ் மாறலாம், நெய்யாற்றின்கரை பஸ்கள் வாசலிலேயே நிற்கும். மதியம் ஜங்ஷனில் மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டோம், இரண்டு பேருக்கு இருநூற்றுப்பத்து ரூபாய். காரம் கூடுதல். கைத்தறி வேண்டுமென்றால் அப்படியே பாலராமபுரம் வரை போய்வரலாம். நாங்கள் போகவில்லை, அம்மாவுக்கு வீட்டுக்குப் போக வேண்டும்.

திரும்பும் ரயிலில் அம்மாவின் பக்கத்தில் மீன் வட்டிக் கூடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், முன்பின் தெரியாதவள். வண்டி கிளம்புமுன்பே அம்மா அவளிடம், "எனக்க மாப்பிளைக்க பைய டாக்டர் சொமந்தாராக்கும். படம் உண்டு. இப்பதான் பாத்துட்டு வாறேன்" என்று ஆரம்பித்து, முழுக்கதையையும் சொல்லி முடித்தாள். அந்தப் பெண் நன்றாகவே கேட்டாள். கடைசியில், "உங்க மாப்பிள இப்ப வீட்டுல உண்டா?" என்றாள்.

"உண்டும்னா ஒனக்கிட்ட எதுக்கு மக்கா சொல்லுதேன்?" என்றாள் அம்மா. "அவருகிட்டல்லா சொல்லுவேன்."