மாமியின் அறைக்குச் சாய்ந்த குரோட்டன்

மாமாவின் குரோட்டன் செடி வாசல் பக்கம் சாய்ந்திருந்தால் ஒருவரும் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள். அது வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எப்போதும் சாத்தியே கிடந்த மாமியின் அறைக் கதவை நோக்கிச் சாய்ந்தது.

மாமா அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாமியைக் கல்யாணம் கட்டிய பிறகு வந்த முதல் லீவில், அந்தச் செடியை ரயிலிலும் பஸ்ஸிலும் மடியில் வைத்தபடியே எங்கள் ஊரான வேலணைக்குக் கொண்டுவந்து, ஹோலின் மூலையில் ஒரு மண்சாடியில் நட்டார். கொழும்பில் பெரிய வீடுகளில் செடியை வீட்டுக்குள்தான் வளர்ப்பார்களாம். அதே லீவில் அனலைதீவில் ஒரு கல்யாண வீட்டுக்கென்று ஊர்காவற்றுறையில் வள்ளம் ஏறினார். காற்று மாறி வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் எப்படியோ கரை சேர்ந்துவிட்டார்கள். மாமா சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காததால் எங்கள் வீட்டில் எதுவுமே முடியவில்லை. அழுவதா, காத்திருப்பதா என்று தெரியாமல் பெரியவர்கள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டு திரிந்தார்கள். மாமி பொட்டும் தாலியுமாகத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாட்டுக் கோப்பையைக் கதவடியில் வைத்துவிட்டு வந்தால் பிறகு வெறும் கோப்பை இருக்கும். விசாரிக்க வந்தவர்கள் எட்டி எட்டிப் பார்ப்பதைப் பொறுக்காமல் அம்மா ஹோல் யன்னலை அடைத்துவிட்டார். அதன் பிறகுதான் செடி சாயத் தொடங்கியது.

எனக்கு அப்போது பத்து வயது. தண்ணீர் ஊற்றுவது என் வேலை. செடியின் தண்டு மெலிந்து நீண்டு, நுனி இலைகள் எல்லாம் கதவைப் பார்த்தபடி நின்றன. ஒட்டுக்கேட்பவர்கள் தலையைச் சரித்துக்கொண்டு நிற்பது போலிருக்கும். இலைகளின் சிவப்பும் மஞ்சளும் மங்கிக்கொண்டு வந்தன. பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, ஹோலுக்குள் வைத்த காலை எடுத்துக்கொண்டார்.

“இது செடியில்லை. ஆரைத் தேடுதெண்டு தெரியேல்லையே?” என்று அம்மாவிடம் கேட்டார்.

அன்று முழுக்க அம்மா ஹோலுக்குள் வரவேயில்லை. செடியைக் கிணற்றடியில் எறிந்துவிடப் போவதாகச் சொன்னார். நாங்கள் ஐயா என்று கூப்பிடும் அப்பாதான் சிரித்தார்.

“செடி இருட்டுக்குச் சாயாது. வெளிச்சம் வாற பக்கத்துக்குத்தான் சாயும். ஒரு தடியை நட்டுக் கட்டிப்போட்டு, சாடியை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி விடு, பிள்ளை. நிமிர்ந்திடும்.”

அந்தக் கதவுக்குள் வெளிச்சம் ஏது என்று நான் ஐயாவிடம் கேட்கவில்லை. பூவரசந்தடி ஒன்றை வெட்டிக்கொண்டு போய்ச் சாடியில் ஊன்றினேன். பிறகு இரண்டு கையாலும் சாடியைப் பிடித்துத் திருப்பினேன். மண்சாடி சீமெந்துத் தரையில் உரசிச் சத்தம் போட்டது. சத்தம் நின்றதும் கதவுக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது. கதவோடு வாயை வைத்துப் பேசுவது போல மிக அருகில்.

“அவரை அங்காலை திருப்பாதை, பிள்ளை.”

நான் ஓடிப்போய்க் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் பார்த்தபோது சாடி பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது. நான் ஊன்றிய தடி பிடுங்கிச் சுவரில் சாத்தப்பட்டிருந்தது.

சோளகக் காற்று ஓயாமல் அடிக்கும் காலம் அது. ஆனால் நான் சொல்லவரும் அந்தப் பின்னேரம் இலைகூட அசையவில்லை. பள்ளிக்கூடத்தால் வந்து வேலிப் படலைக் கதவைக் கொளுவிவிட்டு, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா வழமைபோலக் கோயிலுக்குப் போயிருந்தார். உள்ளே ஏதோ விழுந்து உடையும் சத்தம் கேட்டது.

ஹோலுக்குள் ஓடினேன். சாடி உடைந்து மண் சிதறிக் கிடந்தது. மாமியின் அறைக் கதவு முழுதாகத் திறந்திருந்தது. செடி நிலைப்படிக்குக் குறுக்கே விழுந்திருந்தது. வேர்கள் ஹோலில், தலை அறைக்குள். ஊர்ந்து உள்ளே போகிற ஒன்று பாதியில் நின்றது போல. மாமி தரையில் இருந்து, அதன் நுனியைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

“வந்திட்டார்,” என்றார்.

அப்போதுதான் கண் கூசுவதை உணர்ந்தேன். அறையின் மேற்கு யன்னலால் வந்த வெயில் மாமியின் அலுமாரிக் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, கதவால் வெளியேறி, சாடி இருந்த மூலையில் நேராக விழுந்துகொண்டிருந்தது.

“ஒவ்வொரு பின்னேரமும் கதவைத் திறந்து வைக்கிறனியளோ, மாமி?”

“ஓம். நேரை பாத்தால் வரமாட்டார். கண்ணாடிக்குள்ளை பாத்தால் படலையடியிலை நிப்பார். உள்ளை வாறாரில்லையெண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இண்டைக்கு வந்திட்டார்.”

நானும் கண்ணாடிக்குள் பார்த்தேன். ஹோலும் முன்வாசலும் முற்றமும் படலையும் அதற்குள் தெளிவாகத் தெரிந்தன. ஒருவரும் இல்லை. ஆனால் நான் கொளுவிவிட்டு வந்த படலை திறந்து கிடந்தது. திரும்பி நேரே பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. வேறு எதையாவது பேசவேண்டும் போலிருந்தது.

“மாமி, கண்ணாடி வெளிச்சத்துக்குத்தான் அது சாய்ஞ்சது. ஐயா சொன்னவர். வேர் காயுது, மாமி. மண் போடாட்டில் செத்துப்போம்.”

மாமி வேர்களைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு மெதுவாகக் கலைந்தது.

“அப்ப இது வெளிச்சத்துக்குத்தான் வந்ததோ?”

“ஓம், மாமி. வேறை ஒண்டுக்குமில்லை.”

கண்டுபிடித்துவிட்ட பெருமையில் நான் அதை உரத்துச் சொன்னேன். மாமி செடியின் நுனியை மடியிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு எழுந்து, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு முற்றத்துக்கு இறங்கினார். வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு படலை வரை போனார். வெளியே ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தார். படலையைக் கொளுவிவிட்டுத் திரும்பி வந்தார்.

ஒரு பழைய வாளியில் மண்ணும் சாணமும் போட்டுச் செடியை நட்டோம். நான் தடியை ஊன்ற, மாமி வாழைநாரால் கட்டினார். தண்டு தடிக்க இடம் வேண்டுமென்று இறுக்காமல் விட்டார். அம்மா ஹோல் யன்னலைத் திறந்துவிட்டார். நான் ஒவ்வொரு நாளும் வாளியைக் கொஞ்சம் திருப்பினேன். யாரும் தடுக்கவில்லை. மாரி தொடங்குவதற்குள் தண்டு தடித்து, தடியைக் கழற்றிய பிறகும் செடி நேராக நின்றது. நுனியில் ஓர் இலை இரத்தச் சிவப்பில் விரிந்தது.

மாமி கதவடியில் வந்து நின்று அதைப் பார்த்தார்.

“இனி அது தன்ரை பாட்டிலை நிக்கும்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று பின்னேரம் நான் அவரது அறைக்குள் போனபோது அலுமாரிக் கண்ணாடி தெரியவில்லை. மாமி கல்யாணத்தன்று உடுத்த கூறைச்சேலை மேலிருந்து கீழ்வரை அதை மூடித் தொங்கியது. சரிகை வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. செடி மறுபடி சாய்ந்துவிடாமல் இருக்க இவ்வளவு நல்ல சேலையை மாமி கொடுத்திருக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன்.

அம்மா நிலைப்படியிலேயே குந்திவிட்டார். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். மாமி வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்து, அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். மாமி அழவில்லை.

“ஏனம்மா அழுறியள்?” என்று கேட்டேன்.

வெயில் பட்டால் பட்டு வெளிறிப்போகும் என்றுதான் அம்மா அழுகிறார் என்று நினைத்தேன். குசினிக்குப் போய், கண்ணாடியை மூட ஒரு பழைய துணி தேடத் தொடங்கினேன்.