நகம் பதிந்த காய்

ஐந்து வருடங்களுக்கு முன்பு, வண்டன்மேட்டுப் பக்கம் நான் காய் எடுக்கும் ஏலக்காய்த் தோட்டத்தில் நடந்தது இது. சாயங்காலம் எடை போட்டால் என் பைதான் முதலில் நிற்கும். போடியிலிருந்து தினமும் ஜீப்பில் வரும் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். பதினைந்தே நாளில் என்னை முந்திவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

வேலையை விட்டுவிட்டு அவள் கையையே பார்ப்பேன். ஏலச்செடியின் அடியில் சரம் சரமாகக் காய் கிடக்கும். முற்றியதை எடுக்கவேண்டும், பிஞ்சை விடவேண்டும். அவள் யாரோடாவது பேசிக்கொண்டே சரத்துக்குள் கையை விடுவாள். காயைத் தொடுவதற்கு முன்பே விரல்கள் காயளவுக்கு மட்டும் விரியும். மெல்லத் தொட்டுத் திருப்புவாள். முற்றியது வந்துவிடும், பிஞ்சு சரத்திலேயே நிற்கும். நானோ குனிந்து, உற்றுப் பார்த்து, கட்டைவிரல் நகத்தால் கிள்ளுவேன். எனக்கும் அதே ஐந்து விரல்தானே, அவளுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று மனசு பொருமும்.

பிஞ்சு பறித்தால் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒருநாள் மதியம் அவள் கை கழுவப் போன நேரம், இரண்டு கைப்பிடி பிஞ்சைக் கிள்ளி அவள் பைக்குள் போட்டேன். இன்று அதை எழுதக் கூசுகிறது. அன்று கூசவில்லை.

எடை போடும் இடத்தில் சூப்பர்வைசர் அவள் பையைக் கொட்டினார். "என்னம்மா இது, இத்தனை பிஞ்சு? நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

அவள் அழவில்லை. ஒரு பிஞ்சை எடுத்து விரலால் தடவினாள். "இதுல நகம் பட்டிருக்கு சார். நான் நகம் போட்டுக் கிள்றதில்ல" என்று, ஒட்ட வெட்டிய கட்டைவிரல் நகத்தைக் காட்டினாள். அவள் பறித்த மற்ற காய்களில் ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் என் பை திறந்து கிடந்தது. அதிலிருந்த காயிலெல்லாம் பிறை மாதிரி நகத்தடம். கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். அவள் என் பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சாப்புடுற நேரத்துல யார் பையோ சரிஞ்சு கலந்திருக்கும் சார்" என்றாள். சூப்பர்வைசரும் அதோடு விட்டுவிட்டார்.

ஜீப் ஏறுவதற்கு முன் என் பக்கம் வந்தாள். "காயை இம்புட்டு இறுக்கிப் பிடிக்காதீங்க, அக்கா. தொட்டாப் போதும், முத்துனது தானா வந்துரும்." சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போனேன். இன்றுவரை அவள் எடையை நான் எட்டியதில்லை. பொறாமையும் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் அது தலைதூக்கும்போதெல்லாம், என்னைக் காட்டிக்கொடுக்க முடிந்தும் காட்டிக்கொடுக்காதவள் நினைவு வந்து, நகம் வளர்ந்திருக்கிறதா என்று என் கட்டைவிரலைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.